ராவ்பகதூர் கண்ட மஞ்சள் வாலாட்டி

மேஜைமேல் துப்பாக்கி கிடந்தது. அதன் குழலை ராவ்பகதூர் தாமே எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மல்லேஸ்வரத்தில் அவருடைய பங்களாக் கூடம் எப்போதும் அந்துருண்டை வாசனை அடிக்கும். அன்று துப்பாக்கி எண்ணெய் வாசனையும் அதோடு கலந்திருந்தது. எதிரே என் புரொபசர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு.

"எந்தப் புஸ்தகத்திலயும் இல்லை," என்றார் ராவ்பகதூர். "முதுகு சாம்பல், நெத்தி வெள்ளை, கழுத்துல கறுப்பு. அதுவரைக்கும் சாதாரண வாலாட்டிதான். ஆனா வயிறு முழுக்க எலுமிச்சை மஞ்சள். தொம்மலூர் ஏரியில என் கண்ணால பார்த்தேன். இன்னிக்கு சாயங்காலம் போய் எடுத்துடப் போறேன்."

எடுப்பது என்றால் சுடுவது. பறவை சேகரிப்பவர்கள் அந்த நாளில் அப்படித்தான் சொல்வார்கள். எடுத்து, தோலை உரித்து, கண்டுபிடித்தவர் பெயரோடு அலமாரியில் வைப்பார்கள். கிளப்பில் நண்பர்களிடம் புதுப் பறவையைப் பற்றிச் சொல்லியும் விட்டாராம்.

அந்த மஞ்சள் என்னுடையது. ஆய்வுக்கூடத்துச் சீசாவிலிருந்து எடுத்து நானே தடவியது. புரொபசருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் இருந்தது. என் ஆராய்ச்சியைத் தொடர விடலாமா, நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்யவிருந்த பல்கலைக்கழகக் குழுவில் ராவ்பகதூர் ஒரு முக்கிய அங்கத்தினர்.

நான் பேசினால் ஆராய்ச்சி போய்விடும் போலிருந்தது. பேசாவிட்டால் பறவை போய்விடும்.

பஞ்சு அடைத்த பறவைகள்

கல்லூரியில் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "பெண்பிள்ளைக்குப் பறவை ஆராய்ச்சி எப்படித் தோன்றியது?" என்று கோலாரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆண்பிள்ளைகளுக்கு அது எப்படித் தோன்றுகிறது என்று அவர் யாரையும் கேட்டிருக்க மாட்டார். போகட்டும்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலங்கள் அவை. அப்போது எங்கள் கல்லூரியில் விலங்கியல் என்றால் தவளை, கரப்பான், சுறாமீன். பறவை என்றால் கண்ணாடி அலமாரியில் பஞ்சு அடைத்து மல்லாக்கப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு தொங்கும். சுட்டவர் பெயர், சுட்ட இடம். அது எங்கே தூங்கியது, யாரோடு சண்டை போட்டது, அடுத்த வருடம் எங்கே போயிருக்கும் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்காது.

கண்டோன்மெண்டில் எங்கள் வீடு கிறிஸ்தவ ஆலயத்துக்குப் பின்புற வரிசையில் இருந்தது. அப்பா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வீட்டின் பின்கட்டில் ஒரு துவைகல், அதைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் ஈரம். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது அங்கே ஒரு வெள்ளை வாலாட்டிக் குருவி வரும். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி ஓடி ஈ பிடிக்கும். இன்னொரு வாலாட்டி மதில்மேல் உட்கார்ந்தால் துரத்தி அடிக்கும். வெயில் ஏறும் மாதத்தில் ஒருநாள் காணாமல் போகும். மறுபடி குளிர் வந்தால் அதுவும் வரும்.

அதுவா, வேறொன்றா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். புரொபசரிடம் கேட்டேன். அவர் கன்னடக்காரர், சாது, தவளையைத் தவிர வேறு எதிலும் கைவைக்காதவர். நெடுநேரம் யோசித்துவிட்டு, குழந்தைகள் கேட்கிற கேள்வி இது, ஆனால் நம் ஊரில் யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் நீயே செய் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஏரி, குளம் என்று தனியாகப் போகக் கூடாது, வீட்டு மனிதர் யாராவது துணைக்கு வரவேண்டும்.

வீட்டில் மனிதர் என்று அம்மா ஒருத்திதான் இருந்தாள்.

சீப்பிலிருந்து ஒரு வளையம்

சீமையில் பறவைகளின் காலில் வளையம் மாட்டிவிட்டு மறு வருடம் தேடுகிறார்கள் என்று படித்திருந்தேன். எங்களுக்கு வளையம் யார் தருவார்கள்? பிளாக்பள்ளியில், அதாவது இன்றைய சிவாஜிநகரில், ஒரு தகரக் கடைக்காரர் செய்து கொடுத்தது குருவியின் காலுக்கு விலங்கு போல் கனத்தது.

வழி சொன்னது அம்மாவின் சிவப்பு செல்லுலாய்டு சீப்பு. அதன் உடைந்த முதுகை மெல்லிய பட்டையாக நறுக்கி, வெந்நீரில் போட்டு, இளகியதும் பின்னல் ஊசியில் சுற்றினோம். ஆறியதும் அழகான வளையம். காற்றைப் போல் லேசு. அம்மா ஒன்றைத் தன் உதட்டில் வைத்து, ஓரம் கீறுகிறதா என்று பார்த்தாள். கீறியது. மறுபடி தேய்த்தாள்.

கூடையைக் குச்சியில் நிற்க வைத்து, கீழே ஈசலைத் தூவி, நூலைப் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தோம். அந்தக் குளிர்காலத்தில் கண்டோன்மெண்டுப் பின்கட்டுகளில் கொஞ்சம் வாலாட்டிகளுக்கு வளையம் மாட்டினேன். சிவப்பு வளையம் வலது காலில் போட்டது எங்கள் துவைகல் குருவிக்கு மட்டும்தான். கையில் பிடித்தபோது அதன் நெஞ்சு விரலுக்கடியில் அடித்துக்கொண்ட வேகம் இப்போதும் என் விரலில் இருக்கிறது.

வெயில் வந்தது. எல்லாம் போய்விட்டன. இமயமலைக்கு அப்பால் எங்கேயோ என்று புத்தகம் சொன்னது. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று அத்தனை தூரம் போய், திரும்பி, பெங்களூரைக் கண்டுபிடித்து, கண்டோன்மெண்டைக் கண்டுபிடித்து, எங்கள் வீட்டுத் துவைகல்லில் வந்து இறங்குமா? எனக்கே நம்பிக்கை குறைவுதான்.

இறங்கியது. அடுத்த அக்டோபரில் ஒரு காலை, பால்காரர் எருமையைக் கறந்துவிட்டுப் போன சற்று நேரத்தில், வலது காலில் சிவப்போடு கல்லைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஏய் ரூத்து, வந்து பாருடி, நம்ம சீப்பு," என்றாள்.

பெருமை பாவம் என்று ஞாயிறு பள்ளியில் கற்றவள் நான். அன்று முழுதும் அந்தப் பாவத்தைச் செய்துகொண்டிருந்தேன்.

மஞ்சள் விரல்கள்

அடுத்த கேள்வி, அது இரவில் எங்கே தூங்குகிறது என்பது. பகலெல்லாம் தன் கல்லை யாருக்கும் விட்டுக்கொடுக்காத குருவி, சாயங்காலம் ஆனதும் கிழக்கே பறந்துவிடும். வாலாட்டிகள் இரவில் கூட்டமாய்ச் சேர்ந்து தங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மங்கிய வெளிச்சத்தில் பறக்கும் குருவியின் காலில் வளையம் தெரியாது. வயிற்று வெள்ளையில் நல்ல நிறம் ஏற்றினால் தெரியும். ஆய்வுக்கூடத்தில் திசுக்களுக்குச் சாயம் ஏற்ற பிக்ரிக் அமிலம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். பட்ட இடமெல்லாம் பளீரென்று மஞ்சளாகிவிடும், இறகு உதிரும் வரை போகாது. மறுபடி கூடை வைத்துப் பிடித்து, பஞ்சால் தொட்டுத் தடவினேன்.

குருவியோடு என் பத்து விரல்களும் மஞ்சளாயின. அதுதான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்த போதகரம்மாவின், அதாவது எங்கள் போதகரின் மனைவியின், கண் என் கையிலேயே நின்றுவிட்டது. எங்கள் சபையில் பெண்கள் மஞ்சள் பூசும் வழக்கம் இல்லை. ஆராதனை முடிந்ததும் அவர் அம்மாவைத் தனியே அழைத்து, பிள்ளைக்கு எங்கேயாவது நலங்கு வைத்துவிட்டார்களா, நமக்குத் தெரியாமல் ஏதாவது நடக்கிறதா என்று இரக்கத்தோடு விசாரித்தாராம்.

அம்மா உண்மையைச் சொன்னாள். அது மஞ்சள் இல்லை, அமிலம், குருவிக்குப் பூசுவது. போதகரம்மா அதை நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? அந்த வாரமே, யாரோ பெரிய இடத்து இந்துப் பையன் என்று பேச்சு வரிசை வீடுகளெல்லாம் சுற்றி வந்தது.

"சொல்லிட்டுப் போறாங்க விடு," என்றாள் அம்மா. "குருவி எங்க தூங்குதுன்னு கண்டுபிடி முதல்ல."

சம்புக்குள்ளே

அல்சூர் ஏரிக்குப் போனோம், இல்லை. வழியிலிருந்த குட்டைகளைப் பார்த்தோம், இல்லை. ஜட்காக்காரர் எங்களை என்ன நினைத்திருப்பாரோ. ஒரு டீச்சரம்மா, குடையோடும் பின்னல் வேலையோடும். ஒரு பெண், கழுத்தில் தூரக்கண்ணாடியோடு. இருவரும் ஏரிக்கரையில் இறங்கி வானத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மீன் வாங்குவதுமில்லை, கீரை பறிப்பதுமில்லை.

தொம்மலூர் ஏரியின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குச் சம்பு என்னும் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. சூரியன் இறங்கியதும் நாலா திசையிலிருந்தும் வாலாட்டிகள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு கைநிறைய வாரி இறைத்த மாதிரி. பகலில் ஒன்றையொன்று அடித்துத் துரத்தியவை தோளோடு தோள் உரசிக்கொண்டு சம்புத் தண்டுகளில் உட்கார்ந்தன. அந்தக் கீச்சொலியில் அம்மா பேசியது எனக்குக் கேட்கவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு மஞ்சள் வயிறு சாய்ந்து வந்து சம்புக்குள் இறங்கியது.

எங்கள் துவைகல்லிலிருந்து தொம்மலூர் ஏரி வரை ஒரு குருவியின் நாள் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெங்களூரில் அதற்குமுன் யாருக்கும் தெரியாத ஒன்று. இருட்டத் தொடங்கிய கரையில் அம்மாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அதே கரைக்கு, உள்ளான் என்ற நீர்ப்பறவையைச் சுடுவதற்காக, ராவ்பகதூரும் வந்துகொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது.

மறுபடியும் அந்தக் கூடம்

துப்பாக்கியைத் துடைத்து முடித்து, குழலுக்குள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு புரொபசரிடம், உங்கள் மாணவிக்கும் வாலாட்டிதானே பாடம், வேண்டுமானால் தோல் உரிக்கும்போது வந்து கற்றுக்கொள்ளட்டும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

 சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கைகளை முந்தானையிலிருந்து எடுத்து மேஜைமேல், துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சார், அது புதுப் பட்சி இல்லைங்க. நான் சாயம் போட்ட பட்சி. இதே சாயந்தான்."

அவர் என் விரல்களைப் பார்த்தார். புரொபசரைப் பார்த்தார். புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் அனுமதியோடுதான் செய்தாள் என்று ஒரே வாக்கியம் சொன்னார். சத்தம் குறைவுதான். ஆனாலும் அந்த வாக்கியத்துக்காக அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ராவ்பகதூரின் முகம் சிவந்தது. கிளப் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே. ஒரு பெண் தடவின சாயத்தையா நாம் புது ஜாதி என்று பேசிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு எரிந்திருக்கும். யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான் இருக்கிறது என்றார். பட்சியைச் சுட்டுக் கையில் எடுத்தால் சாயமா, பிறவி நிறமா என்பது நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

"அது தெரிஞ்சுடும் சார்," என்றேன். "அதுக்கப்புறம் தெரிஞ்சுக்க ஒண்ணும் இருக்காது. போன வருஷம் வளையம் போட்டதுல எங்க கண்டோன்மெண்டுக்குத் திரும்பி வந்தது அது ஒண்ணுதான்."

இன்று ஏரிக்குப் போக வேண்டாம், நாளைக் காலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், துவைகல்லுக்கு அதுவே வரும், காலில் சிவப்பு வளையத்தைக் காட்டுகிறேன் என்று சொன்னேன். வராவிட்டால்? என்று கேட்டார் அவர். வராவிட்டால் நாளைச் சாயங்காலம் ஏரிக்குப் போய் உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள் என்று என் வாய் சொல்லிவிட்டது.

துவைகல் அருகே

காலையில் ராவ்பகதூரின் கார் எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது வரிசை வீடுகளின் கதவெல்லாம் திறந்தன. ஜரிகைத் தலைப்பாகை, நீளக் கோட்டு, நெற்றியில் நாமம். பையனின் தகப்பனார் நேரிலேயே வந்துவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். போதகரம்மா ஆலயத் தோட்டத்தில் இல்லாத பூவைப் பறித்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் நாற்காலி போட்டு, அம்மா காபி கொடுத்தாள். பால்காரர் வந்து போனார். ஆலய மணி அடித்து ஓய்ந்தது. ராவ்பகதூர் மடியில் தூரக்கண்ணாடியோடு அசையாமல் இருந்தார். கல்லருகே ஈக்கள் மொய்த்தன, குருவி இல்லை.

பிறகு அதன் குரல் கேட்டது. ஓட்டுக்கூரையின் விளிம்பில் நின்று, தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. வாலை ஆட்டியது. இறங்கவில்லை. கூரை ஓடு மறைத்ததால் கால் தெரியவில்லை. ஒரு எட்டு வைத்தது, பின்வாங்கியது. பறந்து மதிலுக்குப் போய், மறுபடி கூரைக்கே வந்தது. இனி போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. போனால் சாயங்காலம் நேரே சம்புக்குத்தான் போகும், துப்பாக்கி முன்னால். 

அம்மா ராவ்பகதூரின் பக்கமாக மெல்லக் குனிந்தாள்.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தத் தலைப்பாகையைக் கொஞ்சம் கழட்டிடுங்க. பெருசா, பளபளன்னு இருக்கு. அதுக்குப் பயமா இருக்குது."

 அரண்மனைத் தர்பாருக்குப் போய்வந்த தலைப்பாகை அது. அந்தக் காலத்தில் கௌரவமுள்ளவர்கள் அந்நியர் வீட்டில் வெறுந்தலையோடு உட்கார மாட்டார்கள், அதுவும் பெண்கள் முன்னால். ராவ்பகதூர் அம்மாவையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி எடுத்து, மடியில் வைத்து, மேல்துண்டால் மூடினார். தலை முழு வழுக்கை. வரிசை வீட்டு ஜன்னல்கள் எல்லாம் அதைப் பார்த்தன.

குருவி இறங்கியது.

கல்லைச் சுற்றி ஒரு ஓட்டம், நின்று ஒரு வாலாட்டம், ஒரு ஈ. வயிறு மஞ்சள். வலது காலில் சிவப்பு வளையம். கண்ணாடியே தேவைப்படவில்லை, அத்தனை பக்கத்தில். இருந்தும் அவர் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார், இறக்கினார், மறுபடி பார்த்தார்.

"போன வருஷம் வந்ததும் இதேதானா?" என்று கேட்டார்.

இதே பறவை, இதே கல் என்றேன். ஒரு பறவையை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் சில வருடம் பார்க்கவேண்டும், ஆனால் வாலாட்டிகள் தாங்கள் குளிர்காலம் கழித்த இடத்துக்கே திரும்புகின்றன என்று நினைக்கிறேன் என்றும் சொன்னேன்.

 குருவி எங்கள் காலடி வரை வந்து போயிற்று.

"எங்க தோட்டத்துக்கும் ஒண்ணு வந்துட்டிருந்தது," என்றார் கடைசியில். "அழகா இருக்கேன்னு சுட்டு அலமாரியில வச்சேன். மறு வருஷம் ஒண்ணுமே வரலை. புல்லுக்கு ஒழுங்காத் தண்ணி விடலைன்னு தோட்டக்காரனைத் திட்டினேன்."

அம்மா அவர் தம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

குழுவின் கேள்வி

அன்று சாயங்காலம் அவர் ஏரிக்குப் போகவில்லை. ஆனால் போகும்போது என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குழு கூடும் நாள் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவமானப்பட்ட பெரிய மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நமக்குத் தெரியாதா?

குழுவில் நடந்ததைப் புரொபசர் வந்து சொன்னார். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை என் தமிழில் தருகிறேன். ஒரு அங்கத்தினர் என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, இந்தப் பெண்ணின் ஆராய்ச்சியில் ஒரு தோல்கூட இல்லையே, அலமாரியில் வைக்க எதுவும் இல்லாத பறவை ஆராய்ச்சியை எதை வைத்து நம்புவது என்று கேட்டாராம். மற்றவர்களும் தலையாட்டினார்களாம். புரொபசர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது ராவ்பகதூர் எழுந்தாராம்.

"நான் அந்தப் பறவையைப் புது ஜாதி என்று நினைத்து ஏமாந்தவன். அலமாரி நிறையத் தோல் வைத்திருந்தும் ஏமாந்தேன். நம்பாதவர்கள் காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தலைப்பாகையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்."

 ஆராய்ச்சியைத் தொடர அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

நான் நேரே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அம்மா வகுப்பில் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அனுமதி கிடைத்ததைச் சொன்னபோது என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு விலகி, என் தோளைப் பிடித்தபடியே கேட்டாள்.

"ஏமாந்தேன்னு அவர் வாயாலயே சொன்னாராடி? எல்லார் முன்னாலயும்?"

"எல்லார் முன்னாலயும்."

"அப்ப அவர் பெரிய மனுஷர்தான்," என்றாள் அம்மா. அவள் கண் நிறைந்திருந்தது.